பேர் எழுதாத நாள்

பின்கழுத்தில் பிடித்திருந்த வலி விடிவதற்குள் தோள்பட்டைக்கு இறங்கிவிட்டது. ராஜாம்பாள் குழாயடியில் குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தாளாக இருபத்திரண்டு வருஷம் பாண்டுச் சட்டி சுமந்த கழுத்து. ஜல்லி, மணல், கலவை. சும்மாடு இருந்த இடத்தில், உச்சியில், இன்றைக்கும் முடி முளைப்பதில்லை. சுமையை இறக்கி வைத்து நாலு வருஷம் ஆகிறது. கழுத்துக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

"தைலம் தேய்க்கட்டாம்மா?" என்றாள் மகள் ஷாலினி.

"தைல நாத்தத்தோட ஆபீஸ்ல போய் நிக்கச் சொல்றியா? அப்புறம் அதுக்கு வேற ஒரு நோட்டீஸ் குடுப்பாங்க. காகிதமெல்லாம் எடுத்துகினியா?"

எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று நோட்டீஸும் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. மூன்றாவது போன திங்கட்கிழமை வந்தது. கல்வராயன் மலையில் மூங்கிலோடை மீது கட்ட வேண்டிய சிறுபாலத்தைக் கெடுவுக்குள் முடிக்காத 'ராஜாம்பாள் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' உரிமையாளர் திருமதி ராஜாம்பாள், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். வராவிட்டாலும், தரும் விளக்கம் ஏற்கும்படி இல்லாவிட்டாலும், அவள் பேர் கருப்புப் பட்டியலில் ஏறும்.

அவள் பேர். திருக்கோவிலூர் ஜோசியர் ஒருவர், பெண்டாட்டி பேரில் தொழில் செய்தால் கொடி பறக்கும் என்று சொன்னார். மேஸ்திரியாக இருந்த புருஷன் சின்னதுரை காண்டிராக்டர் ஆனது அப்படித்தான். அவளுக்குக் கையெழுத்துப் போட ஷாலினி ஒரு மாசம் சொல்லிக்கொடுத்தாள். 'ரா'வுக்கு மட்டும் பத்து நாள் ஆனது.

ஓடையின் இரண்டு கரையிலும் சுவர் எழும்பியது. நடுவில் தூண் எழும்பியது. தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நவம்பர் மாசம், வேலை நின்றது. அன்றிலிருந்து சின்னதுரை மலை ஏறவில்லை. பொங்கலுக்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாசலுக்கே வருவதில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் நோட்டீஸோடு உள்ளே போன ராஜாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள். ஆளில்லாத அறையில் அவன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டேன்டா. எழுதிட்டேன்னு சொல்றேன்ல? வூட்டுக்குப் போ."

மூன்று நாளாக அவள் அந்த அறையில் படுக்கவில்லை.

இன்று காலையும் அதே நாற்காலியில்தான் இருந்தான். ராஜாம்பாள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"இன்னாய்யா சொல்லட்டும் அங்க?"

பஞ்சை எடுக்காமல் அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான். "மழைன்னு சொல்லு. ஆள் கெடைக்கலன்னு சொல்லு. ரெண்டும் நெசந்தான்."

"ஆள் ஏன் கெடைக்கலன்னு கேட்டா?"

"மலைக்காரனுங்க சோம்பேறின்னு சொல்லு."

"கோழி கூப்புட வந்து நின்னவனுங்க அவனுங்க. வாயில புழு வெக்கும்யா."

சின்னதுரை சுவர்ப் பக்கம் திரும்பினான். ராஜாம்பாள் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"சைட் நோட்ட குடு. கொண்டாரணும்னு போட்டுக்கீது."

அதற்கு அவன் உடனே எழவில்லை. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தான். நீள நோட்டு. அட்டையில் சிமெண்டுக் கறை. நீட்டியவன் பிடியை விடவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, விடு. பஸ்ஸு போயிடும்" என்றாள் ஷாலினி.

விட்டான். அவர்கள் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"ராஜி. அஞ்சு மணிக்குள்ள வந்துடு."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

தியாகதுருகத்தில் பஸ் ஏறினார்கள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. துருகத்து மலை ஜன்னலில் பின்னால் போனது.

"படி. பஸ்ஸு போய்ச் சேருறதுக்குள்ள எல்லாத்தையும் படி" என்றாள் ராஜாம்பாள்.

"மொதல்ல ஒப்பந்தத்த ரத்து பண்ணுவாங்க. கட்டுன வைப்புத்தொகை திரும்ப வராது. மிச்ச வேலைய வேற ஆள வெச்சு முடிப்பாங்க, ஜாஸ்தி ஆனா அது நம்ம தலையில. அதுக்கு அப்புறம்தான் பேரு. மூணு வருஷம் எங்கயும் டெண்டர் போட முடியாது. எல்லா ஆபீஸ் பலகையிலயும் ஒட்டுவாங்க."

"பேருக்குப் பக்கத்துல போட்டோ போடுவாங்களா?"

"போட மாட்டாங்கம்மா."

"அந்த மட்டும் தப்பிச்சோம்."

ஷாலினி சிரித்தாள். ராஜாம்பாள் சிரிக்கவில்லை. அவள் சித்தாளாக இருந்த காலத்திலும் சட்டங்கள் இருந்தன. லேட்டாக வந்தால் அரை நாள். பாண்டு உடைந்தால் பிடித்தம். எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வராதே. எவனும் நோட்டீஸ் கொடுத்ததில்லை. பதினைந்து நாள், ஏழு நாள், நேரில் வா, விளக்கம் சொல் என்று யாரும் காத்திருந்ததில்லை.

"தப்பிக்க வழியே இல்லியா அதுல?"

"ஒண்ணு கீது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தா கெடு நீட்டலாம். வெள்ளம், விபத்து, அந்த மாதிரி. ஆனா சைட் நோட்டுல அன்னைக்கே எழுதியிருக்கணும்."

விபத்து என்ற சொல் வந்ததும் ராஜாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷாலினி நோட்டைப் பிரித்தாள். அப்பாவின் கோணல் எழுத்து பக்கம் பக்கமாகப் போனது. தேதி, செய்த வேலை, வந்த ஆட்களின் பேர். மலை வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது எல்லோரும் கை கால் கழுவிக்கொண்டு மேஸ்திரி முன்னால் வரிசையாக நிற்பார்கள். அவர் ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும். பேர் கேட்ட பிறகுதான் ஆள் இடத்தை விட்டு நகர்வான். பேர் எழுதாமல் போனால் நாள் முடியாது, அந்த ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. எப்போதோ ஒரு காண்டிராக்டர் ஒரு வாரத்துப் பேரையே எழுதாமல் ஏமாற்றிவிட்டுப் போனதிலிருந்து வந்த வழக்கம்.

வரிசையில் கடைசி ஆள் எப்போதும் சின்னக்கண்ணு. ஓடைக்கு அந்தாண்டை இருக்கும் ஊர்க்காரன். பலகை அடிக்கிற ஆள். தன் பேர் காதில் விழுந்தாலும் ஒரு தடவை கேட்பான்: "மேஸ்திரி, எம்பேர எழுதிட்டியா?" எல்லோரும் சிரிப்பார்கள். சின்னதுரை வீட்டுக்கு வந்து அதே மாதிரி பேசிக் காட்டுவான்.

நவம்பர் நான்காம் தேதி வந்தது. ஷாலினியின் விரல் நின்றது. அந்த நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் அவள் எழுத்து. உருண்டை உருண்டையாக, அழகாக இருந்தது.

மழை. வேலை இல்லை.

அன்றைக்கு அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். பாலிடெக்னிக் முடித்து அவள் வீட்டில் இருந்த நேரம். 'கை நடுங்குது, நீ எழுது' என்று சொல்லி நோட்டைக் கொடுத்தார். எழுதினாள். இன்னா எழுதச் சொல்றே, ஏன் எழுதச் சொல்றே என்று கேட்கவில்லை. அடுத்த நாள்தான் சேதி வந்தது: சின்னக்கண்ணு ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கிச் செத்துப்போனான். வேலை இல்லாத நாள். வேலைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. அப்பா அப்படிச் சொன்னார். அம்மாவும் மகளும் நம்பினார்கள். நம்பாவிட்டால் சோறு இறங்காது.

"மூடு" என்றாள் ராஜாம்பாள்.

கள்ளக்குறிச்சி அலுவலகத்து வராந்தாவில் பாவாடை என்ற உதவியாளர் பேர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜாம்பாள் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ். ஓனர் வரலியா?"

"நாந்தான் ஓனர்."

அவர் அவள் காலைப் பார்த்தார். சிமெண்டு தின்று வெடித்த குதிகால். "உக்காருங்க ஓனரம்மா. ஃபேன் ஓடாது. அதுவும் ஒரு காண்டிராக்டர் பாதியில உட்டுட்டுப் போன வேலதான்."

பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்த ஆளும் காண்டிராக்டர்தான். தங்கமணி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவளை ஒரு தடவையும் அவள் கையில் இருந்த உறையை ஒரு தடவையும் பார்த்தார்.

"மூணாவதா? ஒண்ணும் பயப்படாதம்மா. ரெண்டு வாட்டி பட்டியல்ல ஏறி எறங்குனவன் நானு. மொத வாட்டி எம்பேரு போச்சு, பொண்டாட்டி பேர்ல எடுத்தேன். அதுவும் போச்சு, மச்சான் பேரு. இப்ப மாமியா பேர்ல ஓடிகினு கீது. அந்தம்மாவுக்கே தெரியாது, பாவம், கம்பெனி நடத்துறது." ஷாலினி பக்கம் திரும்பினார். "பாப்பா பேரு இன்னா?"

"ஷாலினி."

"ஷாலினி இன்ஃப்ரா! போர்டுக்கு எடுப்பா கீதே. நாளைக்கே பதிவு பண்ணு. இவங்க அடிக்கிறது பேரத்தான். ஆள அடிக்கிறதில்ல."

"எங்கப்பாவுக்கு எங்கம்மா பேரு ஒண்ணு போதும் சார்" என்றாள் ஷாலினி.

தங்கமணி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது, வராந்தாவின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணை ராஜாம்பாள் பார்த்தாள். மடியில் துணி சுற்றிய ஒரு தூக்குப் பாத்திரம். சாலம்மாள். சின்னக்கண்ணுவின் பெண்டாட்டி. விடியற்காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும்.

ராஜாம்பாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். குனியும்போது கழுத்தில் ஏதோ இழுத்தது.

"மேஸ்திரி வரலியா?" என்றாள் சாலம்மாள்.

"வரல."

"ஒடம்புக்கா?"

"காது."

"கேக்குதா, கேக்கலியா?"

ராஜாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "கேக்குது" என்றாள்.

சாலம்மாள் அதிசயப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அங்கயும் கேக்குது மேஸ்திரியம்மா. பொழுது சாய காத்து எழும்புனா, தூண் மேல நீட்டிகினு கீற கம்பி ஊதுது. ஓடையில தண்ணி கம்மியாயிடுச்சி. எறங்கி நடந்துடலாம். ஒருத்தரும் எறங்கறதில்ல. மூணு மைலு சுத்திகினு போறோம். எங்காளு இன்னும் பலகை மேலதான் நிக்கிது, நாங்க எப்புடி அது கால் அடியில பூந்து போறது?"

"கீழ இருந்து கூப்புட்டாந்த ஆளுங்க கூட ரெண்டு நாள்ல ஓடிட்டாங்க."

"தெரியும். நான்தான் கஞ்சி ஊத்தி அனுப்புனேன்."

உள்ளே மணி அடித்தது.

"நீ எதுக்குச் சாலம்மா வந்த? எம்பேர அடிக்கச் சொல்லியா?"

"ஒம்பேரு எனக்கு இன்னாத்துக்கு? எங்காளு பேரக் கேக்க வந்தேன். மனு குடுத்துக்கீறேன். வரச் சொன்னாங்க."

பொறியாளர் விஜயலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடுகிறவர் இல்லை. அதுவே ராஜாம்பாளுக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும்.

நோட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நவம்பரில் நின்றார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது மேடம்" என்றாள் ஷாலினி.

"நீ அன்னைக்கு சைட்ல இருந்தியா?"

"இல்ல மேடம்."

"இல்லாம மழை பெஞ்சது எப்படித் தெரியும்?" வேறு ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "மலை மேல மழை அளக்குற கருவி இருக்கு. நாலாம் தேதி அதுல ஒரு சொட்டு விழல. மேற்கால எங்கயோ பெஞ்சு ஓடையில தண்ணி வந்திருக்கலாம். சைட்ல மழை இல்ல. அப்ப வேலை ஏன் இல்ல?"

ஷாலினி அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார் பொறியாளர்.

சாலம்மாள் உள்ளே வந்து கதவை ஒட்டி நின்றாள். மடித்த துணியைப் பிரித்துத் தூக்கை மேஜை மேல் வைத்தாள். மூடி நசுங்கியிருந்தது. உள்ளே தேய்த்துக் கழுவி வெள்ளையாக இருந்தது.

"அன்னைக்குக் காலையில களி கிண்டி இதுலதான் போட்டுக் குடுத்தேன். எங்காளு எடுத்துகினு போச்சு. மூணாம் நாள் பொதைச்சோம். அதுக்கு அப்புறம் எங்க கொழுந்தன் தேடிப் போய்ப் பாத்தான். நடுத்தூண் மேல, கம்பியில மாட்டியிருந்துச்சு. தொறக்கவே இல்ல. களி அப்புடியே கீது." அவள் பொறியாளரைப் பார்க்கவில்லை. ராஜாம்பாளைப் பார்த்தாள். "ஓடையத் தாண்டப் போனவன் தூக்க எதுக்குத் தூண் மேல ஏத்துறான்? வேல இல்லாத நாள்ல?"

ராஜாம்பாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்காரன் தூக்கை எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து, தன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டுவான். எங்கே மாட்டுகிறானோ அங்கேதான் அன்றைக்கு அவனுக்கு வேலை. இருபத்திரண்டு வருஷம் அவளும் அப்படித்தான் மாட்டியிருக்கிறாள்.

"உங்க விளக்கம் என்ன?" என்றார் பொறியாளர்.

"ஒரு போன் பேசிட்டு வந்துடறேங்க."

வராந்தா மூலையில் நின்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் சின்னதுரை எடுத்தான்.

"பஞ்ச எடு. எடுத்தியா? சின்னக்கண்ணு தூக்கு தூண் மேல இருந்துச்சாம்."

அவள் காத்திருந்தாள். பக்கத்தில் யாரோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாடகைப் பலகை ராஜி" என்றான் கடைசியில். "புதுசு. தண்ணி நெறம் மாறிச்சு. செவப்பா வந்துச்சு. எல்லாரும் கரை ஏறிட்டானுங்க. அவனும் ஏறிட்டான். நாந்தான் திரும்ப எறக்குனேன். நாலு பலகைதான்டா, அவுத்துட்டு வந்துடுன்னேன். மேஸ்திரி சொன்னா தட்ட மாட்டான். ரெண்ட அவுத்து என் கையில குடுத்தான்."

"மூணாவது?"

"கை நீட்டுனேன். ஆளக் காணோம்."

"அப்புறம் இன்னா பண்ண?"

"தேடினோம். இருட்டற வரைக்கும் தேடினோம். அப்புறம் மத்தவனுங்க எல்லாம் வந்து வரிசையா நின்னானுங்க. எப்பவும் போல. ஒருத்தன் சொன்னான், மொதல்ல அவன் பேர எழுது மேஸ்திரி, நாள முடின்னு. எழுதுனா வேலையில செத்தான்னு ஆயிடும். நான் நோட்ட மூடிட்டேன்." அவன் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆனது. "தெனம் அதே நேரத்துக்கு வரான் ராஜி. வேற ஒண்ணும் சொல்றதில்ல. திட்டறதில்ல. எழுதிட்டியான்னு மட்டும் கேக்கறான்."

ராஜாம்பாள் சுவரில் சாய்ந்தாள்.

"நான் உள்ள போய்ச் சொல்லப் போறேன்."

"என்னைப் புடிச்சிகினு போயிடுவாங்க."

"தெரியும்."

"பேரு ஒம்பேரு. ஒன்னியும் சேத்துதான் புடிப்பாங்க."

"அதுவும் தெரியும்."

"மணி இன்னா இப்ப?" என்று கேட்டான்.

"பன்னெண்டேகால்."

போன் கட்டானது.

உள்ளே திரும்பி வந்து ராஜாம்பாள் நின்றபடியே சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. பலகை, தண்ணீர், நோட்டு. கதவோரம் நின்ற சாலம்மாள் தூக்கை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பலகை என்ற இடத்தில் மட்டும் அவள் வாய் அசைந்தது, எண்ணுகிற மாதிரி.

"அந்த வரி நான் எழுதுனது" என்றாள் ஷாலினி. "அதையும் எழுதிக்குங்க மேடம்."

பொறியாளர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆள் கெடைக்கலன்னு மட்டும் சொல்லியிருந்தா அபராதம் போட்டுக் கெடு நீட்டியிருப்பேன். அந்த உத்தரவு தயாராவே இருக்கு, இதோ. இப்ப முடியாது. வேலைத் தாமதம் வேற, பொய்ப் பதிவு வேற. பேர் பட்டியலுக்குப் போகும். போலீஸுக்கும் நான் எழுதியாகணும். புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

"யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

"பாண்டு தூக்கும்போது யோசிச்சா தூக்க முடியாதுங்க." ராஜாம்பாள் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். "அந்த வரிய அடிச்சிடறேன். அவன் பேர ஷாலினி எழுதட்டும். கீழ நான் கையெழுத்துப் போடறேன். ஒரு நிமிஷம்."

பொறியாளரின் கை நோட்டின் மேல் விழுந்தது.

"தொடாதீங்க."

"ஒரு பேருங்க."

"இது இப்ப சாட்சி. இனிமே இதுல ஒரு புள்ளி வைக்க உங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. கேஸ் முடியற வரைக்கும் இது இப்படியேதான் இருக்கணும்."

"கேஸ் எப்ப முடியும்?"

அவர் வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி முடிக்கும்போது மணி நாலாகிவிட்டது. பாவாடை காக்கித் தாளும் நூலும் அரக்கும் கொண்டுவந்தார். நோட்டைச் சுற்றி, கட்டி, முடிச்சு மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். சிவப்பாக, கெட்டியாக இறங்கியது. 'மழை. வேலை இல்லை' உள்ளே போய்விட்டது. ஷாலினியின் அழகான எழுத்து.

சாலம்மாள் அவர்களுக்கு முன்பே வெளியே போயிருந்தாள். படிக்கட்டில் நின்றாள். அழுதிருந்தாள், துடைத்திருந்தாள். மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாவாடை இரண்டு தடவை சொல்லியும் நகராமல் நின்றிருந்தாள்.

"எழுதிட்டியா, மேஸ்திரியம்மா?"

ராஜாம்பாளின் பின்கழுத்து மயிர் சிலிர்த்தது. வலி போன இடம் தெரியவில்லை.

"இல்ல சாலம்மா. எழுத உடல."

"அப்ப எங்காளு இன்னைக்கும் வூட்டுக்கு வராது" என்றாள். துணி சுற்றிய தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

அவர்கள் ஊர் திரும்பும்போது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. அஞ்சு மணிக்குள் வரச் சொல்லியிருந்தான். தெரு முனையிலிருந்தே ராஜாம்பாள் ஓடாத குறையாக நடந்தாள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

நாற்காலி சுவரைப் பார்த்து இல்லை. கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. அதன் கைப்பிடியில் இரண்டு பஞ்சு உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆணியில் அவனுடைய வேலைச் சட்டை இல்லை.

எதிர் வீட்டு இசைவாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, அண்ணன் ஒரு மணிக்கே கெளம்பிட்டாரே? ரொம்ப நாள் கழிச்சு வெளிய வராரேன்னு சந்தோஷமா இருந்துச்சு. எங்க போறீங்கன்னேன். மலைக்கு, பாதியில உட்ட வேல ஒண்ணு கீதுன்னாரு. போறப்ப எங்கிட்ட பேனா வாங்கினு போனாரு."

"பேனாவா?"

"ஆமாக்கா. எழுதுமான்னு கையில கிறுக்கிப் பாத்துட்டு எடுத்துகினாரு."

ஷாலினி போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள்.

"யம்மா, நோட்டுதான் அங்க சீல் வெச்சுக் கீதே. அப்பா எதுல எழுதுவாரு?"

ராஜாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலையில் இந்நேரம் காற்று எழும்பியிருக்கும். கம்பி ஊதியிருக்கும். பஞ்சு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அந்தக் குரல் தனக்கும் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் நாலு. பலகை அடிக்கிற சின்னக்கண்ணு. அவனுக்கு ஒரு நாள் பேர் பாக்கி.